வினை தானே ஊட்டுமா? மின்பராமரிப்புப் பட்டியலும் ஒரு பழைய வழக்கும்

செய்த வினைக்கும் அதன் பயனுக்கும் நடுவே அறிவுள்ள ஒருவர் நிற்க வேண்டுமா, அல்லது வினை தானாகவே முற்றிச் செய்தவனைச் சென்று சேருமா என்பது தமிழகத்துச் சமயங்கள் நெடுங்காலம் விடாமல் வழக்காடிய கேள்வி. சமணர் கொள்கைப்படி வினை என்பது உயிரின்மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்பொருள். அது தன் பருவத்தில் தானே பழுத்து உதிரும். பயனை எடுத்துக் கொடுக்க ஓர் இறைவன் வேண்டியதில்லை. சைவ சித்தாந்திகள் இதை ஒப்பவில்லை. வினை சடம், அதாவது அறிவற்ற பொருள். தன்னைச் செய்தவன் இன்னான் என்றோ, அவனுக்கு உரியது இவ்வளவு என்றோ, அதை அவன் நுகர வேண்டிய காலம் இது என்றோ அதற்குத் தெரியாது. ஆகவே அறிந்து கூட்டுவிக்கும் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் வாதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதமும், பிற சமயங்களை எடுத்துவைத்து மறுப்பதற்கென்றே அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் ஒதுக்கிய சிவஞானசித்தியார் பரபக்கமும் இந்த வழக்கின் முதன்மையான ஆவணங்கள். பொதுவழக்கில் நாஞ்சில் நாடு எனப்படும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரு தரப்புக்கும் கல்லில் சாட்சி உண்டு. சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும், 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் துறவி அங்கே பொன் அணிகலன் வழங்கியதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. அதே மாவட்டத்தின் சுசீந்திரத்தில் தாணு, மால், அயன் ஆகிய மூவரும் ஒரே இலிங்கத்தில் வழிபடப்படுகின்றனர்.

இந்த வழக்கை மீண்டும் விசாரிக்கத் தூண்டும் ஒரு பொருள், கோயிலுக்கும் மடத்துக்கும் வெகு தொலைவில், மின்சாரத் துறையின் திட்டமிடல் மேசையில் கிடைக்கிறது. மின்நிலையங்களையும் மின்பாதைகளையும் எந்த நாளில் நிறுத்திப் பழுது பார்ப்பது என்ற அட்டவணையை மனிதர் வகுக்காமல், உயிரினங்களின் பரிணாமத்தைப் போலியாக நடத்திக் காட்டும் கணினி முறை ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்பது கடந்த சில பத்தாண்டுகளில் பொறியியலில் நிலைபெற்றுவிட்ட கருத்து. அப்படி ஒப்படைக்கும்போது ஓர் ஊருக்கு வந்து சேரும் இருளை அனுப்பியவர் யார்? யாரும் இல்லை என்றால் அது சமணர் சொன்ன வகையைச் சேர்ந்த நிகழ்வு. யாரோ ஒருவர் என்றால் அவரை எங்கே தேடுவது என்பது சித்தாந்தியின் கடமை.

பராமரிப்பு என்ற தொழிலின் இயல்பிலேயே ஒரு முரண் உண்டு. படைத்தல், காத்தல், அழித்தல் என்று சமய மரபு எண்ணும் தொழில்களில் காத்தல் என்பது இடையறாது நடப்பது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. மின்கட்டமைப்பிலோ காப்பதற்காக நிறுத்தியே ஆக வேண்டும். மின்மாற்றியின் எண்ணெயைச் சோதிக்கவும், பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த உப்பைத் துடைக்கவும், கம்பியை உரசும் மரக்கிளையை வெட்டவும் அந்தப் பாதையில் மின்சாரம் இருக்கக் கூடாது. கடலோர மாவட்டமாகையால் உப்புக்காற்று இங்கே இன்சுலேட்டர்களை விரைவில் கெடுக்கிறது. மழை மிகுதியாகையால் ரப்பரும் தென்னையும் பலாவும் கம்பிக்கு மேலே விரைவில் வளர்கின்றன. நிறுத்தினாலோ எஞ்சியிருக்கும் பாதைகளின்மேல் சுமை ஏறுகிறது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவை இருளில் ஆழ்த்திய பெருந்தடைக்கு முன்பு, பீனா–குவாலியர்–ஆக்ரா வழித்தடத்தில் ஒரு பாதை தரம் உயர்த்தும் பணிக்காகத் திட்டமிட்டே நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சமிருந்த பாதை அளவுக்கு மீறிய சுமையைத் தாங்க நேர்ந்து, முதலில் விழுந்தவற்றுள் ஒன்றாயிற்று. தென்மண்டலக் கட்டமைப்பு அப்போது நாட்டின் பிற பகுதியோடு ஒரே அலைவெண்ணில் இணைக்கப்படாமல் இருந்ததால் நாஞ்சில் நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று இணைப்பு ஏற்பட்ட பிறகு அந்தத் தனிமையும் இல்லை. காப்பதற்காகச் செய்யும் நிறுத்தமே அழிவுக்கு வழி திறக்கலாம் என்பதால், எப்போது நிறுத்துவது என்பது பணியின் ஒரு பகுதி மட்டுமல்ல, ஏறத்தாழப் பணியே அதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ‘எப்போது’ எவ்வளவு சிக்கலானது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் அந்த மாதங்களில்தான் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செய்கின்றன. அந்தக் காலத்தில் காற்றாலைகளையோ அவற்றின் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் பாதைகளையோ நிறுத்துவது, வருகிற காற்றை வீணாக வழியனுப்புவதாகும். மலையில் கோதையாறு புனல் மின்நிலையங்கள் இரண்டு, 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக இயங்குகின்றன. அவற்றில் உழைத்த நீர் பேச்சிப்பாறை அணைக்கு இறங்கி, 1906இல் கட்டி முடிந்த அந்த அணையிலிருந்து கால்வாய்களின் வழியே கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெற்பருவங்களுக்கும் போகிறது. அண்டை மாவட்டத்துக் கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டும் எரிபொருள் மாற்றத்துக்காக வாரக்கணக்கில் நிற்கும் காலம் தனி. மாவட்டம் முழுவதும் பரவிய துணைமின் நிலையங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் 11 கிலோவோல்ட் பாதைகளுக்கும் உரிய பராமரிப்பு நாள்கள் இவற்றுக்கு நடுவே பொருந்த வேண்டும்.

ஊரின் நாள்காட்டி வேறு இருக்கிறது. மார்கழியில் சுசீந்திரம் தேர், தை மாதம் நாகர்கோவில் நாகராஜா கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்ச்சில் பள்ளிப் பொதுத்தேர்வு என ஒவ்வொன்றும் சில நாள்களை அடைத்துக்கொள்கிறது. (தேர் ஓடும் வீதியில் மட்டும் நிலைமை தலைகீழ், அங்கே மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைக் கழற்றிவிடுவதே திருவிழாவின் பகுதி.) மீன்பிடித் தடைக்காலமோ இந்த மாவட்டத்தில் மட்டும் இரண்டு: சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் முதலியவை மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகின்றன. படகு நின்றால் ஐஸ் ஆலைகளின் வேலை குறையும். ஆகவே அவற்றுக்கு மின்சாரம் தரும் பாதைகளை அப்போது நிறுத்தலாம் என்று தோன்றும். இரு தடையும் சேர்ந்து வரும் ஜூன் முதல் இரு வாரங்களிலோ பருவமழை இறங்கிவிடுகிறது. ஈரக் கம்பத்தில் ஆள் ஏற முடியாது.

இத்தனை நிபந்தனைகளையும் ஒருங்கே கருதுவது ஏன் கடினம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பத்துத் துணைமின் நிலையங்கள், ஒவ்வொன்றையும் மாதத்தின் 25 வேலைநாள்களில் ஏதேனும் ஒரு நாளில் நிறுத்தலாம் என்று வைத்துக்கொண்டால், இயலக்கூடிய அட்டவணைகளின் எண்ணிக்கை 25ஐப் பத்து முறை பெருக்கிய தொகை. அது 95 லட்சம் கோடிக்கு மேல். நொடிக்கு ஒரு லட்சம் அட்டவணை வீதம் சரிபார்த்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 30 ஆண்டுகள் ஆகும். இன்னும் ஐந்து நிலையங்களைச் சேர்த்தால் இந்த எண் மேலும் 97 லட்சம் மடங்கு பெருகுகிறது. எல்லாவற்றையும் பார்த்து மிக நல்லதைத் தேர்வது நடவாத காரியம்.

பரிணாமப் படிமுறை இங்கேதான் நுழைகிறது. படிமுறை என்பது கணினித் துறையினர் அல்காரிதம் என்று சொல்லும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவற்றின் வரிசை. 1960களில் பெர்லினில் இங்கோ ரெக்கன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வேஃபல் ஆகியோரும், அமெரிக்காவில் லாரன்ஸ் ஃபோகலும், ஜான் ஹாலண்டும் தனித்தனி வழிகளில் ஒரே எண்ணத்துக்கு வந்தனர்; ஹாலண்டின் நூல் 1975இல் வெளிவந்தது. எண்ணம் எளிது. முதலில் நூறு அட்டவணைகள் கண்ணை மூடிக்கொண்டு, குலுக்கல் முறையில் உண்டாக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அபத்தமாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகுதி மதிப்பு கணக்கிடப்படுகிறது. அதாவது அந்த அட்டவணைப்படி நடந்தால் எவ்வளவு மின்சாரம் வழங்கப்படாமல் போகும், எத்தனை பாதைகளில் சுமை மிகும், எத்தனை நிபந்தனைகள் மீறப்படும் என்பவற்றை ஓர் எண்ணாகச் சுருக்குவது. தகுதி மிகுந்தவை இனப்பெருக்க வாய்ப்பைப் பெறுகின்றன: இரண்டு அட்டவணைகளின் பகுதிகள் மாறிச் சேர்ந்து புதிய அட்டவணை பிறக்கிறது, இது குறுக்கேற்றம் எனப்படும். எப்போதாவது ஓர் அட்டவணையில் ஏதேனும் ஒரு நாள் காரணமின்றி மாற்றப்படுகிறது, இது திடீர்மாற்றம். தகுதி குறைந்தவை அழிகின்றன. இப்படிச் சில நூறு தலைமுறைகள் கடந்தபின் எஞ்சுபவை, பழுத்த பொறியாளர் ஒருவர் வகுத்தவை போன்ற ஒழுங்கோடு இருக்கும். மிகச் சிறந்தது கிடைத்துவிட்டது என்ற உறுதி இதில் இல்லை. நல்லது கிடைக்கும் என்பதே பயன்.

இம்முறை மின்பராமரிப்புக்கு வந்த தொடக்ககால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 1990களின் நடுவில் வில்லியம் லாங்டன் பிரிட்டனின் தேசிய மின்கட்டமைப்பில், தெற்கு வேல்ஸ் பகுதியின் மின்பாதைகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு. அதில் பரிணாமம் நேரே நாள்களைத் தேர்வதில்லை. பாதைகளை எந்த வரிசையில் கருத வேண்டும் என்ற வரிசையை மட்டும் பரிணமிக்கச் செய்து, அந்த வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் அப்போது கிடைக்கும் நல்ல வாரத்தை ஓர் எளிய விதி ஒதுக்குமாறு அமைக்கப்பட்டது. யார் முதலில் பந்தியில் அமர்வது என்று மட்டும் பரிணாமம் சொல்ல, பரிமாறுவதை விதி பார்த்துக்கொண்டது. எதிர்பாராத வேறொரு பாதை அறுந்தால் என்னாகும் என்ற கணக்கும் தகுதி மதிப்பில் சேர்க்கப்பட்டிருந்தது.

இந்த இயக்கத்தைச் சிதறால் மலையின் பழைய துறவி ஒருவரோ, சாங்கியம் கற்ற ஒருவரோ கண்டிருந்தால் தம் தரப்புக்குக் கிடைத்த பெரிய சான்றாகவே கொண்டிருப்பார். அறிவற்ற மூலப்பகுதி தானே விரிந்து உலகாகிறது என்று கூறும் சாங்கியர், கன்றின் பொருட்டுப் பசுவின் மடியில் பால் அறிவின்றியே சுரப்பதை எடுத்துக்காட்டினர். நோக்கம் இருக்கிறது, நோக்குபவர் இல்லை என்பதே அவர்கள் காட்ட விரும்பியது. எதிர்த்தரப்பு, பசு உயிருள்ளது, கன்றின்மேல் அன்புள்ளது, ஆகவே உவமை பொருந்தாது என்றது. கணினியில் பரிணமிக்கும் அட்டவணைக்கு அன்பும் இல்லை, உயிரும் இல்லை. உவமையில் இருந்த ஓட்டை அடைபட்டுவிட்டது போலத் தோன்றும். ஒழுங்குக்கு ஒழுங்குசெய்பவர் தேவையில்லை என்பது, சொல்வாதமாக இருந்த நிலை மாறி, நாள்தோறும் செய்துபார்க்கத்தக்க சோதனையாகிவிட்டது.

சித்தாந்தத் தரப்பிலிருந்து உடனே எழும் மறுமொழி தகுதி மதிப்பைச் சுட்டும். எது நல்ல அட்டவணை என்ற அளவுகோலைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. ஒரு பொறியாளர் எழுதித் தந்தார். ஆகவே அறிவுள்ள ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பது அந்த மறுமொழி. இது பெரும்பாலோர் நிறைவடைந்து நின்றுவிடும் இடம். ஆனால் இது முழு விடையாகாது. அளவுகோலை எழுதியவருக்கு விளைவு தெரியாது. தடிக்காரன்கோணத்துக்கு எந்த நாள் விழும், முன்சிறைக்கு எந்த நாள் விழும் என்று அவர் கருதவில்லை; கருதியிருக்கவும் முடியாது; கருத முடியாததால்தானே முறையையே நாடினார். சித்தாந்தம் கேட்பது பொதுவான சட்டம் ஒன்றை இயற்றிவிட்டு விலகிக்கொண்ட ஒருவரை அன்று. இன்ன உயிருக்கு இன்ன வினையின் இன்ன பயன் இப்போது என்று தனித்தனியே அறிந்து ஊட்டுபவரைத்தான் அது வேண்டுகிறது. தகுதி மதிப்பை எழுதியவர் பொதுவை அறிந்தவர். தனியை அறிந்தவர் அல்லர். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அந்த இடம் காலியாக இருப்பதால் நேரும் தீங்கு கற்பனையானதன்று. இரண்டு 11 கிலோவோல்ட் பாதைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று நகரத்துக் கடைவீதிக்குப் போகிறது, சராசரிச் சுமை 4 மெகாவாட். மற்றொன்று பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் சில ரப்பர்த் தோட்டங்களுக்கும் போகிறது, சுமை ஒரு மெகாவாட். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எட்டு மணி நேரம் நிறுத்தினால் முதலாவதில் 32 மெகாவாட்-மணியும் இரண்டாவதில் 8 மெகாவாட்-மணியும் வழங்கப்படாமல் போகின்றன. வழங்கப்படாத மின்சாரத்தின் மொத்தத்தைக் குறைப்பதே தகுதி என்றால், நல்ல நாள்கள் எப்போதும் கடைவீதிக்கும், மிஞ்சிய நாள்கள் எப்போதும் மலைக்கும் போகும். எந்தத் தலைமுறையிலும் யாரும் மலைவாழ்நரை வெறுக்கவில்லை. குறைவாக நுகர்பவர் குறைவாக இழக்கிறார் என்ற கணக்கு, ஏழையின் இருள் மலிவானது என்ற முடிவுக்குத் தானே நடந்து போய்விட்டது. சாமித்தோப்பில் 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் தருமம் எது என்று கேட்டு, நலிந்தவரைக் கைதூக்கிவிடுவதே என்று கண்டது இதற்கு நேர் எதிரான அளவுகோல். கணிதத்தில் அது பெரிய மாற்றமுமன்று: எல்லோரின் இழப்பையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையைக் குறைப்பதற்குப் பதிலாக, மிக அதிகம் துன்புறும் ஊரின் துன்பத்தைக் குறைக்குமாறு ஒரு வரியை மாற்றி எழுதினால் போதும். அந்த ஒரு வரியின் இருபுறமும் இரண்டு அறநெறிகள் நிற்கின்றன.

பரிணாம முறையின் முடிவை மக்கள் எளிதில் ஏற்கக்கூடும் என்பதற்கு வேறொரு காரணம் உண்டு; அதை ஆராய்ந்து விலக்க வேண்டும். குலுக்கலின் வழியே வந்த முடிவில் பாரபட்சம் இல்லை என்று நம்பும் வழக்கம் தமிழரிடையே ஆழமானது. சாமி முன் பூக்கட்டிப் பார்ப்பதும் திருவுளச்சீட்டு எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறை அதன் ஆட்சி வடிவம். ஆனால் குடவோலையில் வரிசையைக் கவனிக்க வேண்டும்: நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகளைக் கொண்டு முதலில் தெரிவு, தகுதியுள்ள எல்லோரும் சமம் என்று ஆனபிறகே, கடைசியில், ஒரு சிறுவன் குடத்தில் கையிட்டு ஓலை எடுக்கும் குலுக்கல். நேர்மையைத் தருவது அந்தக் கடைசிக் குலுக்கல்தான். பரிணாமப் படிமுறையில் இது தலைகீழ். குலுக்கல் முதலில் வருகிறது. பல்வகையை உண்டாக்குவதோடு அதன் வேலை முடிகிறது. இறுதிச் சொல் தெரிவினுடையது. அதில் குலுக்கல் இருக்கிறது என்பதற்காக நேர்மையும் இருக்கிறது என்று கருதுவது பிழை.

செயல்முறையின் முகமின்மை மனிதரின் கையை எப்படி மறைக்கும் என்பதற்குச் சுசீந்திரமே ஒரு பழைய சான்று. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையிட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டிய கைமுக்கு என்ற வழக்கம் அந்தக் கோயிலில் நடந்துவந்தது. தீர்ப்பு நெய்யினுடையது, மனிதருடையதன்று என்பது கொள்கை. யாரை அழைத்துவருவது, வெந்த கையை வெந்தது என்று சொல்வது யார் என்பவை மனிதரிடமே இருந்தன. சுவாதித் திருநாள் காலத்தில் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது.

குலுக்கலைவிட இந்தச் சிக்கலுக்கு நெருக்கமான உள்ளூர் ஏற்பாடு முறைப்பாசனம். அணையில் நீர் குறையும்போது, எல்லாக் கால்களிலும் ஒரே நேரத்தில் விடாமல், இத்தனை நாள் இந்தக் காலுக்கு, அடுத்த இத்தனை நாள் அந்தக் காலுக்கு என்று முறை வைப்பது நாஞ்சில் நாட்டு உழவருக்குப் பழக்கமானது. முறையின் சிறப்பு அதன் நினைவு: சென்ற தடவை கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்பது இந்தத் தடவைக்கான வாதமாகிறது. மாதந்தோறும் புதிதாகப் பிறக்கும் அட்டவணைக்கு அத்தகைய நினைவு கிடையாது; ஆனால் சென்ற ஆண்டு ஒவ்வொரு பாதையும் தாங்கிய மின்தடை மணிகளைத் தகுதி மதிப்பில் சேர்த்தால் நினைவும் வந்துவிடும். நோக்கங்கள் இப்படிப் பெருகும்போது அவற்றை ஓர் எண்ணாகச் சுருக்காமலே தேடும் முறைகளும் உள்ளன. கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேபும் அவருடைய மாணவர்களும் 2002இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பயன்படுகிறது. அது ஒரே விடையைத் தருவதில்லை. ஒரு நோக்கத்தில் மேம்பட வேண்டுமானால் மற்றொன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள பல அட்டவணைகளை வரிசையாக முன்வைத்து நின்றுவிடுகிறது. பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒவ்வொரு கூற்றும் ஒரு பக்கத்திலிருந்தே உண்மை என்று கூறும் சமணரின் அநேகாந்தவாதத்துக்கு இதைவிட நெருங்கிய கணித உருவம் காண்பது அரிது. ஆனால் மின்பாதையை ஒரு பக்கத்தில் நிறுத்தி மற்றொரு பக்கத்தில் ஓட்ட முடியாது. ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுப்பது முறையின் வேலையன்று.

தனியை அறிந்த ஒருவர் இத்துறையில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் அட்டவணையின் மேசையில் இல்லாமல் கம்பத்தின் அடியில் இருக்கிறார். பராமரிப்பு நாளன்று காலையில் கம்பத்தில் ஏறுவதற்கு முன், பணிக்குப் பொறுப்பானவர் துணைமின் நிலையத்திடம் எல்.சி. வாங்க வேண்டும், லைன் கிளியர் என்பதன் சுருக்கமான அது, இந்தப் பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, நீர் வேலை செய்யலாம் என்ற எழுத்து உறுதி. அங்குள்ள ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரைப் பிரித்து, கேட்டவர் பெயர், பாதை, நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிய பிறகே அதைத் தருகிறார். லைன்மேன் தன் பக்கத்தில் ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து பூட்டி, வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்டுகிறார். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாக ஏறினாலும் அது மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. வேலை முடிந்ததும் எல்.சி.யை வாங்கியவரேதான் திருப்பித் தர வேண்டும். வேறொருவர் சொல்லி மின்சாரம் ஏற்றக் கூடாது. இந்த விதி பலருடைய சாவிலிருந்து கற்றது. 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்தபோது, பிற மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்தவர்களும் இதே நடைமுறைக்குள்தான் ஏறி இறங்கினர். அறிவற்ற கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்பியிடம் விட்டுவிடாமல், பெயருள்ள ஒருவரின் அறிவோடு பிணைப்பது எல்.சி.; சித்தாந்தி வேண்டிய கூட்டுவிப்பவர் மனித அளவில் இங்கே இருக்கிறார்.

அட்டவணைக்கும் இத்தகைய ஒருவர் வேண்டும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பு, ஊர்ப்பெயர்களை அடுக்கியபின், செயற்பொறியாளர் தெரிவித்துள்ளார் என்று முடிகிறது. 2010இலும் 2024இலும் நிறுவனங்கள் பிரிந்து பெயர் மாறியபோதும், மக்கள் மின்வாரியம் என்றே சொல்லிவரும்போதும், அந்தக் கடைசி வரி மாறவில்லை. கணினி தந்த அட்டவணையை ஒரு செயற்பொறியாளர் வரி வரியாகப் பார்த்து, இந்த நாளில் குளச்சல் ஐஸ் ஆலைகளுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் பிடித்த மீன் கெடும் என்று அறிந்து, ஒரு வரியை மாற்றினால் அட்டவணையின் தகுதி சிறிது குறையும். எவ்வளவு குறையும் என்பதை அதே கணினி சொல்லிவிடும். முடிவைச் சொல்வதைவிட, முடிவிலிருந்து விலகுவதன் விலையைச் சொல்வதே இம்முறையின் பெரிய உதவி எனலாம்.

இங்கே சமணர் தரப்பு தன்னுடைய கூர்மையான பழைய வினாவோடு திரும்பி வருகிறது. இறைவன் வினைக்குத் தக்கபடியே பயன் தருகிறான் என்றால் அவன் மிகை. வினையை மீறித் தருகிறான் என்றால் அவன் ஓரவஞ்சகன். செயற்பொறியாளர் அட்டவணைப்படியே கையெழுத்திட்டால் அவர் எதற்கு? மாற்றுகிறார் என்றால் யாருக்காக மாற்றுகிறார்? முதற்பாதிக்குச் சித்தாந்தத்தின் விடை போதும்: வினைக்குத் தக்கபடி தருவதால் தருபவன் மிகையாகிவிடுவதில்லை, ஏனெனில் வினைக்குத் தானே சென்று சேரும் ஆற்றல் இல்லை, அட்டவணைக்கும் ஒருவர் பொறுப்பேற்கும்வரை ஓர் ஊரை இருளாக்கும் அதிகாரம் இல்லை. இரண்டாம் பாதி அத்தனை எளிதன்று. மாற்றம் கேட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசக்கூடியவர் ஐஸ் ஆலை உரிமையாளர், திருமண மண்டபத்துக்காரர், செல்வாக்குள்ளவர். காணிக் குடியிருப்பிலிருந்து அப்படி ஓர் அழைப்பு வருவது அரிது. மாற்றத்தின் காரணத்தையும் மாற்றியவர் பெயரையும் எல்.சி. பதிவேட்டைப் போலவே எழுதிவைத்தாலும், எழுதப்படும் காரணங்கள் கேட்டவருடைய காரணங்களாகவே இருக்கும். கேட்காதவருக்காகப் பேசக்கூடியது தகுதி மதிப்பில் சேர்த்த அந்த நினைவு மட்டுமே. யார் முகத்தையும் அறியாத அது, சென்ற ஆண்டு மலைப்பாதை தாங்கிய மணிகளை எண்ணி, இந்த ஆண்டின் நல்ல நாளொன்றை அதற்கு ஒதுக்கும். அந்த ஒதுக்கீட்டை மட்டும் எந்தத் தொலைபேசி அழைப்புக்கும் மாற்ற முடியாதபடி பூட்டிவைப்பதா, அதையும் மாற்றும் உரிமையைச் செயற்பொறியாளரிடமே விடுவதா என்பதில், சிதறாலும் சுசீந்திரமும் இன்றும் வேறு வேறு விடையையே தரும்.